சிரசு வரும்போது ஏன் கண் கலங்குகிறது?

குடியாத்தத்தைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 26, பெங்களூரில் மென்பொருள் வேலை. கல்லூரி நாட்களிலேயே சாமி கும்பிடுவதை விட்டுவிட்டாராம். யாராவது மதம் என்னவென்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்வாராம். ஆனால் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால், அம்மன் தலை தெருவில் வரும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. “நான் பொய்யனா? நம்பிக்கை இல்லாதவனுக்கு மதம் அடையாளமாக இருக்க முடியுமா? இந்தக் காலத்துச் சமூகத்துக்கு மதம் எதற்கு?” என்று கேட்கிறார்.

தம்பி, நான் வேலூரில் முப்பது வருடம் வரலாறு பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் மாணவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, வாசலில் நின்றுகொண்டு கேட்பார்கள். அப்போது அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போது நேரம் இருக்கிறது. நீங்கள் பொய்யன் இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மதம் என்றதும் நாம் நம்பிக்கையிலிருந்து பேச்சை ஆரம்பிக்கிறோம். கடவுள் உண்டா, இல்லையா, புராணம் நடந்ததா, கட்டுக்கதையா. ஆனால் உங்களுக்கு மூன்று வயதானபோது யாரும் உட்கார்ந்து அம்மன் உண்டு என்று விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பாவோ மாமாவோ தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தரணம்பேட்டைப் பக்கம் கூட்டத்தில் நின்றிருப்பார். பம்பைச் சத்தம் முதலில் வரும். அப்புறம் தேங்காய் உடைகிற சத்தம். சிரசு வரும் வழியெல்லாம் ஜனங்கள் தேங்காயை உடைத்துக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் தெருவில் ஓடி, வெறுங்காலில் பிசுபிசுவென்று ஒட்டும். ஓட்டுச் சில்லு பாதத்தில் குத்தும். பூமாலைக்குள் பெரிய கண்ணோடு அந்த முகம் தலைகளுக்கு மேலே ஆடி ஆடி வரும். அந்த நேரத்தில் உங்களைத் தூக்கி வைத்திருந்தவருடைய உடம்பு ஒரு முறை சிலிர்த்திருக்கும். அந்தச் சிலிர்ப்பு தோள் வழியாக உங்களுக்கு வந்தது. உங்களுக்கு வந்த முதல் மதம் அதுதான். கையும் காலும் கற்றுக்கொண்டதைப் பத்தொன்பது வயதில் படித்த நான்கு புத்தகங்கள் அழித்துவிடாது. அழிக்கவும் தேவையில்லை.

சிரசுக் கதை உங்களுக்குத் தெரியும்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜமதக்கினி முனிவர் சொன்னார் என்று மகன் பரசுராமன் தாய் ரேணுகாவின் தலையை வெட்டுகிறான். அவள் அடைக்கலம் தேடி ஓடிய இடத்தில் தடுக்க வந்த இன்னொரு பெண்ணின் தலையும் விழுகிறது. பிறகு வரம் கேட்டு உயிர்ப்பிக்கும்போது தலை மாறிப்போகிறது. ரேணுகாவின் தலை அந்தப் பெண்ணின் உடலில் சேர்கிறது. முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்படுகிற சிரசு கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் வந்து ஏறுவது அந்த இன்னொரு பெண்ணின் உடலில்தான். அவளைச் சண்டாளச்சி என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அந்தச் சொல்லில் உள்ள இழிவு எனக்கு ஒப்பவில்லை. ஆனால் ஊரே கூடிக் கும்பிடுகிற தெய்வத்துக்கு முனிவர் மனைவியின் முகமும், ஊர் ஒதுக்கி வைத்தவளின் உடம்பும் இருக்கிறது என்று இந்த மண்ணின் ஜனங்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அடையாளம் பற்றி நான் படித்த எந்தப் பாடத்தையும் விட இது எனக்குப் பெரிய பாடமாகத் தோன்றுகிறது. தலைக்கு ஒரு வரலாறு, உடம்புக்கு ஒரு வரலாறு. இரண்டும் சேர்ந்த பிறகுதான் கண் திறந்து பூஜை நடக்கிறது. உங்களுக்கு நடப்பதும் அதே கதைதான். தலை பெங்களூரில் படித்தது. உடம்பு குடியாத்தத்தில் வளர்ந்தது.

உடம்பில் இருக்கிற மதத்தைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு வேலூர்க் கோட்டையைவிட நல்ல சாட்சி இல்லை. 1806 ஜூலை 10 என்றதும் ‘சிப்பாய்ப் புரட்சி’ என்று பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். காரணத்தை ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். 1805 நவம்பரில் சென்னை ராணுவத்தில் புது விதிகள் வந்தன. தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்து உத்தரவு. அணிவகுப்பில் நெற்றியில் குறி இருக்கக் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை சொன்ன அளவில் இருக்க வேண்டும். கூடவே புதிதாக ஒரு தலைப்பாகை. அது பார்க்க வெள்ளைக்காரர் தொப்பி மாதிரி இருந்தது, அதில் தோலாலான ஒரு பகுதியும் இருந்தது. மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்ற பேச்சு சிப்பாய்களுக்குள் ஓடியது. மறுத்தவர்களைப் பிடித்து விசாரித்து, இரண்டு பேருக்குக் கசையடி கொடுத்து வேலையை விட்டு நீக்கினார்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம்.

அந்த உத்தரவைப் போட்ட அதிகாரிகள் பக்கம் நின்று யோசித்தால், எல்லாச் சிப்பாயும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்களுக்கு அது சீருடை. சிப்பாய்க்கு அது அப்படியில்லை. நெற்றியில் நாமம் இல்லாமல் ஊருக்குப் போனால் அண்ணன் தம்பி சேர்த்துக்கொள்வார்களா, பெண் கொடுப்பார்களா, செத்தால் தூக்க வருவார்களா என்பது அவனுடைய கவலை. தாடி எடுத்தவனுக்கும் அதே கவலை. ஜூலை 10 விடியற்காலையில் துப்பாக்கி வெடித்தது. கோட்டைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றைக்கே அடக்கினார். அந்த அடக்குமுறையில் செத்த இந்தியச் சிப்பாய்கள் சில நூறு பேர். பிறகு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் கிரடாக்கையும் லண்டனுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வேலூரில் மக்கான் பக்கம் போகும்போது இந்தப் புரட்சிக்கான நினைவுத்தூணைப் பார்த்திருப்பீர்கள்.

மதம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் குறைவு, அவமரியாதை, கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் மகன்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காலை. அன்று கோட்டையில் மைசூரின் புலிக்கொடியும் ஏறியது. ஓர் இணைப்பைச் சொல்லாமல் விட மனமில்லை. திப்பு என்ற பெயரே நம் ஆற்காட்டிலிருந்து போனது. ஆற்காட்டில் திப்பு மஸ்தான் அவுலியா என்ற பெரியவரின் தர்கா இருக்கிறது. ஹைதர் அலி அவர் பெயரைத்தான் மகனுக்கு வைத்தார். அந்த மகனுடைய பிள்ளைகள் இங்கே கைதியாக இருக்க, நாமம் இட்டவனும் தாடி வைத்தவனும் ஒரே கொடியின் கீழே நின்றார்கள். இரண்டு பேரும் வேறு வேறு சாமியைக் கும்பிட்டவர்கள். ஆனால் ‘உன் முகத்தை நான் தீர்மானிப்பேன்’ என்று ஒருவன் வந்தபோது இரண்டு பேருக்கும் வலித்தது ஒரே இடத்தில்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் அடையாளத்தில் பாதியை நாம் தீர்மானிப்பதில்லை, எதிரே நிற்பவர் தீர்மானிக்கிறார். என் சின்ன வயதில் எங்கள் தெருவில் புதிதாக ஒருவர் வந்தால் ‘எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை’ என்பார்கள். மதம் என்ன என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்காமலே தெரிந்துகொள்வார்கள் என்பதும் உண்மை, அதில் சாதியும் சேர்ந்தே தெரிந்துவிடும் என்பதும் உண்மை. மதம் என்று தனியாக ஒரு கட்டம் போட்டு, அதில் ஒரே ஒரு சொல்லை எழுது என்று கேட்டது அரசாங்கப் படிவம்தான். 1871-லிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்தக் கட்டத்தை நிரப்பி வருகிறது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் இந்துக்கள் 87.58 சதவீதம், கிறிஸ்தவர்கள் 6.12, முஸ்லிம்கள் 5.86. எண்கள் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 87.58-க்குள் திருநீறு பூசுகிறவர், நாமம் போடுகிறவர், மாசி மாதம் பாலாற்று மணலில் மயானக் கொள்ளைக்கு வேஷம் கட்டுகிறவர், எதையும் கும்பிடாத நீங்கள், எல்லோரும் ஒரே சொல்லாக இருக்கிறீர்கள்.

இதில் சிக்கிக்கொள்கிறவர்கள் யார் என்றால், கட்டத்தில் அடங்காத சிறிய கூட்டத்தார். பழைய வட ஆற்காட்டில் ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கம் தமிழ்ச் சமணர்கள் இருக்கிறார்கள். நயினார் என்று சொல்லிக்கொள்வார்கள். வீட்டில் பேசுவது தமிழ், நிலத்தில் உழுவது தலைமுறை தலைமுறையாக. போளூர் அருகே திருமலையில் நேமிநாதர் சிலை சுமார் 16 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் வள்ளிமலையில் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் சமணச் சிற்பங்களைத் தாண்டித்தான் போகிறார்கள். இவ்வளவு பழைய குடி. என்னிடம் படித்த ஒரு நயினார் வீட்டுப் பெண் ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள். விடுதியில் சாயங்காலமே சாப்பிட்டுவிடுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் காரணம் கேட்டிருக்கிறார்கள். ஜைனம் என்று சொன்னதும், ‘அப்போ நீ சேட்டு வீட்டுப் பொண்ணா, தமிழ் எப்படி இவ்வளவு நல்லா பேசுற’ என்றார்களாம். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் இரண்டாயிரம் வருடத்தை ஒரு வார்த்தையில் வெளியே தள்ளிவிட்டார்கள்.

இன்னொரு மாணவன், ஆம்பூர்ப் பையன். வீட்டில் உருது, வெளியே நம்மைவிட நல்ல தமிழ். வேலூரில் வேலை கிடைத்து அறை தேடினான். போனில் பேசும்போது வாடகை, முன்பணம் எல்லாம் முடிவாகிவிடும். பெயரைச் சொன்னதும் ‘வேற ஆள் வந்துட்டாங்க தம்பி’ என்று வைத்துவிடுவார்கள். ஆறாவது வீட்டுக்கு நான் கூடப் போனேன், அதற்கப்புறம்தான் சாவி கிடைத்தது. அவன் ஐந்து வேளை தொழுகிறவனும் இல்லை. நீங்கள் இருக்கிறீர்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி. ஆனால் ‘எனக்கு மதம் ஒன்றுமில்லை’ என்று சொல்லும் வசதி அவனுக்கு இல்லை. உங்களை யாரும் கதவிலேயே நிறுத்திக் கேட்பதில்லை என்பதால்தான் உங்களால் அப்படிச் சொல்ல முடிகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை தம்பி, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மதத்தைப் பிறப்போடு வருகிற ஒன்றாகவே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நம் மாவட்டத்தில் ஏராளமான குடும்பங்களுக்கு அது தேடிப் போய் எடுத்துக்கொண்ட ஒன்று. 1853-ல் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் இங்கே ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். சேரியிலிருந்து பலர் அதில் சேர்ந்தார்கள். பாலுக்கும் ரொட்டிக்கும் போனார்கள் என்று ஏளனமாகப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. கோயில் வாசலில் நிற்கக்கூட விடாத ஊரில், ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தால், அந்தச் சாமி யார் என்று கேட்கத்தான் செய்வார்கள். இன்னொரு பக்கம் 1898-ல் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் சென்னையில் பௌத்த சங்கம் அமைத்தார். நம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போன குடும்பங்களில் அது நன்றாக வேர் பிடித்தது. இவர்களுக்கெல்லாம் மதம் என்பது ‘நான் யார்’ என்பதைத் தாங்களே சொல்லிப் பார்த்த முதல் சந்தர்ப்பம்.

ஆனால் சட்டம் அதை வேறு மாதிரிப் பார்த்தது. 1950-ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்துவாக இருந்தால்தான் அந்தப் பட்டியலில் இடம் என்றது. 1956-ல் சீக்கியர்களையும், 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ ஆனவர் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் அப்படி மாறிய கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். விளைவு என்ன? என் வகுப்பில் ஒரு பையனுக்கு இரண்டு பெயர். வருகைப் பதிவேட்டில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒன்று. ஒருநாள் அவன் அம்மா கல்லூரிக்கு வந்து சபைப் பெயரைச் சொல்லி என் பையன் எங்கே என்று கேட்க, அப்படி யாரும் இல்லையே என்று நான் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் முகம் சட்டென்று வெளிறிப்போனது. வாய் தவறிவிட்டது, உதவித்தொகை போய்விடுமோ என்று பயந்துவிட்டார்கள். நான் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற பெயரை மறைத்துப் பேச வேண்டிய நிலைமையில் ஒரு தாயை வைத்திருக்கிறோம். மதம் மாறினாலும் தெருவில் சாதி மாறவில்லை என்பது அந்தத் தெருவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், சட்டப் புத்தகத்துக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

சரி, மதமே வேண்டாம் என்கிறவர்கள்? அவர்களுக்கும் இந்த ஊரில் இடம் உண்டு. திருப்பத்தூர் அப்போது நம் மாவட்டத்தில் இருந்தது. அங்கே ஒரு பெண் வழக்கறிஞர் பல வருடம் விடாமல் அலைந்து, 2019 பிப்ரவரியில் சாதி, மதம் அற்றவர் என்று அரசுச் சான்றிதழே வாங்கினார். பள்ளிக்கூடத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம் என்பதற்கு 1973-லேயே தமிழ்நாட்டு அரசாணை இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. அதே 1973-ல் டிசம்பர் 24-ஆம் தேதி, வாழ்நாளெல்லாம் கடவுள் இல்லை என்று சொன்ன பெரியார் கண் மூடியது வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில். கிறிஸ்தவ மிஷன் ஆஸ்பத்திரி. சிகிச்சை தந்தவர்கள் அவர் நம்பாததை நம்பியவர்கள். அவர்களும் அவர் கொள்கையை மாற்றச் சொல்லவில்லை, அவரும் அவர்கள் ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நவீன சமூகம் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ, எனக்கு அந்த வார்த்தைக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த அறைதான்.

படிப்பும் பணமும் வந்தால் மதம் தானாகத் தேய்ந்துவிடும் என்று ஒரு காலத்தில் சமூகவியல் படித்தவர்கள் உறுதியாக நம்பினார்கள். பீட்டர் பெர்கர் 1960-களில் அப்படி எழுதினார். 1999-ல் அவரே, நாங்கள் நினைத்தது தவறு என்று எழுதினார். அவர் சொல்லாவிட்டாலும் அரியூர் பக்கம் போனால் தெரிந்துவிடும். ஸ்ரீபுரம் பொற்கோயில் 2007-ல் திறந்தது. சுமார் 1,500 கிலோ தங்கம், நட்சத்திர வடிவ நடைபாதை, வெளியூர் வண்டிகள். நவீன வசதி எல்லாம் மதத்துக்குக் கைகொடுக்கத்தான் செய்தன.

எனக்கு அதைவிட நெருக்கமான சம்பவம் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில். 16-ஆம் நூற்றாண்டுக் கோயில், கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்க்க ஒரு நாள் போதாது. ஆனால் சில நூறு வருடம் அங்கே பூஜை இல்லை. படைகள் இருந்த கோட்டை, கோயிலை ஆயுதக் கிடங்காகவும் வைத்திருந்தார்கள். கருவறை காலி. 1981 மார்ச் 16-ஆம் தேதி சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை ஜனங்கள் கொண்டுவந்து வைத்தார்கள். தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள இடம் என்பதால் சட்டப்படி சிக்கல் இருந்தது, இருந்தும் செய்தார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் வேறு பேச்சே பேசவில்லை. கோயிலுக்கே போகாத என் பெரியப்பா சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினார். திரும்பி வந்து ‘விளக்கு எரியுது’ என்று மட்டும் சொன்னார். அவருக்குப் பக்தி வந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. தன் ஊரின் நடுவில் இருந்த ஒரு காலி இடம் நிறைந்தது அவருக்கு. அதே கோட்டைக்குள் 1846-ல் கட்டிய புனித யோவான் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனை நடக்கிறது. பக்கத்தில் மசூதி ஒன்றும் இருக்கிறது. அதில் தொழுகைக்கு அனுமதி இல்லை. பெரியப்பாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த மசூதியைத் தாண்டிப் போகும்போது என்னுடைய முஸ்லிம் தோழி ஏன் பேச்சை நிறுத்திவிடுகிறாள் என்பது எனக்குப் புரிகிறது.

இனி சமூகத்துக்கு மதம் எதற்கு என்ற கேள்வி. இதற்கு நான் புத்தகத்திலிருந்து பதில் சொல்லப் போவதில்லை. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடரின் கதை எல்லோருக்கும் தெரியும். டாக்டராகும் எண்ணமே இல்லாமல் திண்டிவனத்தில் பெற்றோரைப் பார்க்க வந்தவர். ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்து. மூவரின் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். ஐடாவின் அப்பா டாக்டர், ஆனால் ஆண். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று மூவருமே அவரை மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். ஐடா டாக்டருக்குப் படித்துவிட்டு 1900-ல் வேலூர் திரும்பி, ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். அதுதான் பிறகு சி.எம்.சி. ஆனது. இந்தக் கதையை நான் வகுப்பில் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிடுவேன். மூன்று பெண்களைக் கொன்றது மதத்தின் பெயரால் இருந்த ஒரு வழக்கம். அவரைத் திரும்பி வர வைத்ததும் மதம்தான். இரண்டும் ஒரே இரவில். மதம் நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து பதினாறு நாள் படுத்திருந்தார். எங்கள் வீடு சுத்த சைவம். அம்மா அடுத்தவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். பக்கத்துக் கட்டிலில் வாணியம்பாடியிலிருந்து வந்த ஒரு பாட்டியம்மா, பார்த்துக்கொள்ள மருமகள். அது ரமலான் மாதம். மருமகள் நாள் முழுதும் எச்சில்கூட விழுங்காமல் மாமியாரைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்க வைப்பாள். சாயங்காலம் மகன் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவருவார். அம்மாவுக்கு மருந்து வேகத்தில் வாய் கசந்து நான்கு நாளாக ஒன்றும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அவர் இரண்டு தூக்கோடு வந்தார். சின்னதை என்னிடம் நீட்டி, “இதுல கறி இல்லம்மா. உங்க அம்மாவுக்குன்னு வீட்டுல தனிப் பாத்திரத்துல வெச்சது. அகப்பைகூட வேற” என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அம்மா கொஞ்ச நேரம் தூக்கையே பார்த்தார். “வெந்தயம் போட்டிருக்கியாப்பா?” என்றார். போட்டிருக்கு என்றார் அவர். “அப்போ குடு” என்றார் அம்மா. முழு டம்ளர் குடித்தார்.

அதற்குப் பிறகு தினமும் ஐந்தரை மணியிலிருந்தே அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நான் காபி கொண்டுவந்தால், “இரு, அந்தப் பொண்ணு இன்னும் நோன்பு திறக்கல” என்பார். அம்மா தன் மதத்தை விடவில்லை, தலைமாட்டில் திருநீற்றுப் பொட்டலம் கடைசி நாள் வரை இருந்தது. அந்தக் குடும்பமும் தங்கள் மார்க்கத்தில் ஒரு நூல் தளர்த்தவில்லை. அகப்பையை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அது தன் வீட்டிலும் எது ஆகும், எது ஆகாது என்று பார்த்து வாழ்கிறவருக்குத்தான் தோன்றும். எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிற என்னைப் போன்றவளுக்குத் தோன்றியிருக்காது. வீட்டுக்குக் கிளம்புகிற அன்று தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனேன். “வெறும் தூக்கா குடுப்பாங்க?” என்று அம்மா கோபித்துக்கொண்டு, கீழே அனுப்பிக் கால் கிலோ கற்கண்டு வாங்கி வரச் சொல்லிப் போட்டுக் கொடுத்தார்.

உங்கள் போனிலும் குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்கும். காலையில் சாமி படம், மதியம் இன்னொரு மதத்துக்காரர்களைப் பற்றி ஏதோ ஒரு பயமுறுத்தல். மதம் தேங்காய்த் தண்ணீராக, கஞ்சியாக, விளக்காக வரும்போது அதில் எதிரே ஒரு மனிதர் இருக்கிறார். போனில் வருகிறபோது வெறும் பெயர்ப் பலகைதான் வருகிறது, ஆள் இல்லை. எனக்குக் கவலை தருவது இதுதான், உங்கள் கண்ணீர் இல்லை. நீங்கள் கும்பிடாமல் இருப்பதால் ஊருக்கு ஒரு நஷ்டமும் வராது. ஆனால் எதையும் நம்பாத ஒருவர்கூட, அந்தப் பலகையை மட்டும் தூக்கிக்கொண்டு வாடகை வீட்டுக் கதவில் நிற்கிற பையனைத் திருப்பி அனுப்பலாம். அப்படிச் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் உங்கள் கண்ணீரை விசாரணைக்கு உட்படுத்த வேண்டாம். யாராவது மதம் என்ன என்று கேட்டால், ‘கும்பிடுவதில்லை, ஆனால் கெங்கையம்மன் ஊர்க்காரன்’ என்று சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், சிரசு யாருடைய உடம்பில் ஏறுகிறது, அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். பாட்டிக்குத் தெரியாவிட்டால் தெருவில் வேறு யாருக்காவது தெரியும், ஊர்வலத்தில் பம்பை அடிக்கிறவர்களைக் கேளுங்கள். வைகாசி முதல் தேதிக்கு முந்தின நாளே ஊருக்கு வந்துவிடுங்கள். காலையில் பெங்களூரிலிருந்து கிளம்பினால் ஆற்றைத் தாண்டவே கூட்டம் விடாது.